பூனைகளுக்கும் பூனைக்காரர்களுக்கும் கோடை விருந்து: வீட்டிலா, தோட்டத்திலா, மண்டபத்திலா, பூனையே இல்லாமலா?

கோடை தொடங்கியதும் பூனை வளர்க்கும் நண்பர்கள் நடுவே ஒரு பேச்சு தானாகக் கிளம்பும். எல்லாரும் அவரவர் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் ஓரிடத்தில் கூடினால் என்ன? அதுவரை எல்லாரும் ஒத்துப்போவார்கள். எந்த இடம் என்று வந்ததும் பேச்சு நாலாகப் பிரியும். ஒருவர் எங்கள் வீட்டுக் கூடம் போதும் என்பார். ஒருவருக்குத் தோட்டம் வேண்டும். ஒருவர் மண்டபம் பிடிக்கலாம் என்பார். மூலையில் ஒருவர் மட்டும் "பூனை எதுக்கு, நாம மட்டும் போனா போதாதா?" என்று முணுமுணுப்பார்.

என் சாய்வு அந்த முணுமுணுப்பவர் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்று வழிகளும் நன்றாக நடக்கும் சூழ்நிலைகள் உண்டு. அவை எவை என்று தெரிந்துகொண்டால் சண்டை இல்லாமல் முடிவெடுக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

நாய்களைக் கூட்டிக் கொண்டாட்டம் வைத்துப் பழகியவர்கள் அதே கணக்கைப் பூனைக்கும் போடுவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாய்க்குத் தன் ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி ஊர் தன் ஊர். பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். தன் வாசனை படிந்த இடம். அதனால் மற்ற எதையும் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது, முன்பின் தெரியாத பூனைகள் எத்தனை நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளப் போகின்றன என்பது. இந்த எண் ஏற ஏற விருந்து கெடும்.

அப்புறம் தப்பியோடும் வழிகள். அப்புறம் வெப்பம். கோடை விருந்து என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது.

நான்காவது தொற்று. பான்லூகோபீனியா, ஹெர்பீஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் ஒரே ஊசியாகத் தடுப்பூசி உண்டு; வெறிநாய்க்கடி நோய்க்குத் தனி ஊசி. பூனை லுக்கீமியா வைரஸ் எச்சில் வழியாக, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதால்கூடப் பரவும். பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் எஃப்ஐவி பெரும்பாலும் கடியால் பரவும். வரும் பூனைகளின் தடுப்பூசி அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் பூனையின் அட்டையைப் படமெடுத்துக் குழுவில் முதலில் போடுங்கள், மற்றவர்கள் தாமாகப் போடுவார்கள்.

கடைசியாக, மனிதர்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷம் மிஞ்சுமா என்பது. பூனையைக் காவல் காத்தே பொழுது போய்விட்டால் அதற்குப் பெயர் விருந்து இல்லை.

| | வீட்டுக் கூடம் | தோட்டம், மொட்டைமாடி | வாடகை மண்டபம் | மனிதர்கள் மட்டும் |
|---|---|---|---|---|
| பூனைகளுக்குள் உரசல் | அதிகம் | நடுத்தரம் | தடுப்பு வைத்தால் குறைவு | இல்லை |
| தப்பியோடும் ஆபத்து | கதவும் சன்னலும் | மிக அதிகம் | கூரை, வாசல் | இல்லை |
| வெப்பம் | சமாளிக்கலாம் | நம் கையில் இல்லை | சமாளிக்கலாம் | கவலை குறைவு |
| பணச்செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு |
| வைப்பவருக்கு உழைப்பு | மிக அதிகம் | அதிகம் | பகிர்ந்துகொள்ளலாம் | சாதாரணம் |
| எத்தனை பூனை | இரண்டு, மூன்று | நடைபழகியவை மட்டும் | ஆறேழு வரை | வீட்டுப் பூனை ஒன்று, அதுவும் விரும்பினால் |

## வீட்டுக் கூடத்தில் எல்லாப் பூனையும்

முதலில் தோன்றுவதும் இதுதான், மலிவாகத் தெரிவதும் இதுதான். நாற்காலி இருக்கிறது, மின்விசிறியோ ஏசியோ இருக்கிறது, சமையலறை பக்கத்தில். வெப்பக் கணக்கில் இது நன்றாகவே தேறிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு முழுக்க வீட்டுப் பூனையின் தலையில் விழுகிறது. சோபாக் கால், கதவு விளிம்பு, நாற்காலி முனை எல்லாவற்றிலும் அது கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பூனை, வாசலில் விருந்தாளி கழற்றிவிட்ட செருப்பை அரைமணி நேரம் முகர்ந்து ஆராய்ச்சி செய்யும்; செருப்புக்காரர் வீட்டிலும் பூனை இருந்தால் கூடவே ஒரு உறுமல். செருப்புக்கே இந்தப் பாடு. புதுப் பூனை ஒன்றை வீட்டோடு சேர்ப்பதற்கே தனியறை, துணியில் வாசனை மாற்றிக் கொடுப்பது, கதவிடுக்கு வழியாகப் பார்க்கவிடுவது என்று சில நாளிலிருந்து பல வாரம் வரை பிடிக்கும். ஒரு பிற்பகலில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடப்பிறந்த குட்டிகள்தானே, அடையாளம் கண்டுகொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். சில மாதம் பிரிந்து வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் அவையும் அந்நியர்தான்.

இன்னொன்று, பயந்துபோன பூனை எதிரியை எட்ட முடியாவிட்டால் எட்டக்கூடியவரைக் கடிக்கும். தூக்கி வைத்திருப்பவரின் மணிக்கட்டு, ஆசையாகக் குனிந்த குழந்தையின் கன்னம். பூனைக்கடி மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய காயம் அது.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்தாளி இரண்டு கையிலும் பாத்திரம் ஏந்தி வருவார். காலால் கதவைத் தள்ளித் திறப்பார். உள்ளே வந்து, பாத்திரத்தை வைக்க இடம் தேடி, எல்லாருக்கும் ஒரு வணக்கம் போடும் வரை கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். பூனைக்கு அந்த ஒரு சாண் தாராளம். சன்னல் இன்னும் மோசம். கோடையில் திறந்து வைத்திருப்போம், கொசுவலை இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருப்போம். சாய்ந்து தள்ளும் பூனையைச் சாதாரணக் கொசுவலை தாங்காது. மாடியிலிருந்து விழுந்து அடிபட்ட பூனைகள் மருத்துவமனைக்கு வருவது சன்னல் திறந்திருக்கும் வெயில் காலத்தில்தான் கூடும்.

இதையெல்லாம் கேட்டபிறகும் வீட்டில்தான் என்றால், விருந்தாளிப் பூனை இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். வீட்டுப் பூனையை அதற்குப் பிடித்த அறையில், தண்ணீரும் லிட்டர் பெட்டியும் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி) வைத்து, யாரும் வருவதற்கு முன்பே விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். வருபவற்றுக்கு ஆளுக்கொரு அறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கேரியரை, அதாவது பூனையைத் தூக்கிவரும் கூண்டுப் பெட்டியை, தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள், ஒரு கேரியரின் வாய் இன்னொன்றைப் பார்க்காமல் திருப்புங்கள். லிட்டர் பெட்டி, எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாக.

இந்த வழி உண்மையிலேயே சோபிக்கும் ஒரு வீடு உண்டு: விருந்து வைப்பவரிடம் பூனையே இல்லாத வீடு. பூனை ஆசை இருந்தும் வளர்க்க முடியாத நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகிய இரண்டு பூனைகளுக்கு இது சரி.

## தோட்டம், மொட்டைமாடி, திறந்தவெளி

படத்துக்கு அழகு இதுதான். புல்தரை, மரநிழல், ஹார்னெஸ் என்ற உடல்பட்டை மாட்டிய பூனைகள். படத்தில் வெயிலின் சூடு தெரியாது, அதுதான் சங்கடம்.

பூனையின் உடல் வெப்பம் இயல்பாகவே சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். வியர்ப்பது பாதங்களில் மட்டும். மிச்சத்துக்கு ரோமத்தை நக்கி, அந்த ஈரம் காயும்போது கிடைக்கும் குளிர்ச்சியைத்தான் நம்பியிருக்கிறது. நாய் ஓடியாடிவிட்டு நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது சாதாரணம். பூனை வாயைத் திறந்து இரைத்தால் பயத்தாலோ சூட்டாலோ அது எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் வெப்பம் 40ஐத் தாண்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஐஸ் போடாத சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். பெர்சியன், ஹிமாலயன், எக்ஸாடிக் ஷார்ட்ஹேர் மாதிரித் தட்டை முகக்காரர்களுக்கு மூச்சுவழி குறுகல், சூடு சீக்கிரம் ஏறும். அவற்றை இந்த விருந்துக்கு அழைக்கவே வேண்டாம். வெள்ளைக் காது உள்ளவற்றுக்கு வெயில் புண்ணாக்கும், நாள்பட்டால் தோல் புற்றுநோய் வரையிலும் போகலாம். தரை எப்படி என்று தெரிய உங்கள் புறங்கையை ஏழெட்டு விநாடி வைத்துப் பாருங்கள்; கை தாங்காத தரை பூனைப் பாதத்துக்கும் ஆகாது. மொட்டைமாடி இந்தச் சோதனையில் பகல் முழுக்கத் தோற்கும்.

அடுத்தது ஹார்னெஸ். விருந்துக்கு முந்தின வாரம் வாங்கி மாட்டினால், ஒன்று, பூனை தரையோடு படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பின்னோக்கி நெளிந்து உருவிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள்ளேயே பல வாரம் பழக வேண்டிய விஷயம் அது. கழுத்துப்பட்டையில் மட்டும் கயிறு கட்டுவது கூடவே கூடாது. இரண்டு பூனையின் கயிறு ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டால் பிரிக்கப்போகும் கைதான் கீறல் வாங்கும்.

தப்பிவிட்டால் என்ன செய்வது? வீட்டுப் பூனை பயத்தில் நெடுந்தூரம் ஓடுவது குறைவு. பக்கத்திலேயே புதருக்கு அடியிலோ காருக்கு அடியிலோ பதுங்கிவிடும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சுவிடாது. கூட்டம் கலைந்து சத்தம் அடங்கியபின் ஒருவர் மட்டும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிவரும். அந்த ஒருவர் பெரும்பாலும் விருந்து வைத்தவர்தான். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா, அதில் பதிந்த தொலைபேசி எண் இப்போதும் அதுதானா என்று வரும் முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள். பழைய எண் உள்ள சிப்பால் பயனில்லை.

தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருந்தால், தெருப்பூனைகள் வந்துபோகும் இடமாக இருந்தால், பக்கத்து வீட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருந்தால், இடத்தை மாற்றுங்கள்.

சரி, யாருக்கு இது ஏற்றது? வலையடித்த பூனைக்கூண்டு வராந்தா உள்ள வீடு, தினமும் வெளியே நடந்து பழகிய பூனைகள், வெயில் ஏறும் முன்போ தாழ்ந்த பின்போ ஒரு மணி நேரம். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பது பூனையின் இயல்பு என்பதால் நேரமும் பொருந்திவரும்.

## வாடகைக்கு மண்டபம்

இது யாருடைய இடமும் இல்லை, அதுதான் இதன் பலம். காக்க வேண்டிய எல்லை எந்தப் பூனைக்கும் கிடையாது.

பூனைகளைக் கூட்டம் சேர்ப்பது புதுப் பழக்கமும் இல்லை. 1871 ஜூலை 13 அன்று, நல்ல கோடையில், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சிக் கூடத்தில் ஓவியர் ஹாரிசன் வீர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். சுமார் 170 பூனைகள் வந்தன என்பார்கள். பூனைகளை அங்கே ஒன்றாக அவிழ்த்துவிடவில்லை, கூண்டுகளில் மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் கண்காட்சிகளில் நடைமுறை அதுதான்: பூனைகள் தனித்தனி, மனிதர்கள் சுற்றி வருவார்கள். மண்டபத்தில் விருந்து வைப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு மடக்குக் கூடாரம், உள்ளே வீட்டிலிருந்து கொண்டுவந்த, துவைக்காத பழைய விரிப்பு, இரண்டு கூடாரத்துக்கு நடுவே துணித் தடுப்பு. எட்டிப் பார்க்க விரும்பும் பூனை எட்டிப் பார்க்கட்டும்; விரும்பாதது விரிப்புக்கு அடியில் தூங்கட்டும்.

செலவுகளில் வாடகை மட்டும்தான் வெளியே தெரியும். திரைச்சீலையில் நகம் பட்டால் முன்பணம் போச்சு. தரை சுத்தம் இன்னும் முக்கியம். பான்லூகோபீனியா வைரஸ் பூனையின் உடலுக்கு வெளியே ஓர் ஆண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது, நீர்த்த பிளீச்சுக்குத்தான் சாகும். அதே சமயம் ஃபீனால் கலந்த தரை கழுவும் திரவம் பூனைக்கு நஞ்சு. நடந்த பாதத்தை நக்குவதே போதும். என்ன போட்டுத் துடைக்கிறார்கள் என்று மண்டபக்காரரிடம் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை. மேலே அண்ணாந்தும் பாருங்கள். பொய்க்கூரையில் ஒரு பலகை நகர்ந்திருந்தால், அலமாரி வழியாக ஏறிய பூனையை அங்கிருந்து இறக்குவது ராத்திரி வேலை. ஒலிபெருக்கி வேண்டாம். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு அது 60,000க்கும் மேலே போகும்.

பூனைக் கஃபேயில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1998இல் தைப்பேயில் தொடங்கிய வழக்கம் இது. அங்கே இருப்பவை கஃபேயின் சொந்தப் பூனைகள். தொற்றுக்கும் சண்டைக்கும் பயந்து வெளிப்பூனைகளைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். ஆக அது அடுத்த வழியின் இன்னொரு வடிவம்.

ஆறேழு பூனைகள், பயணத்துக்கும் கூண்டுக்கும் பழகியவை, செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்கள்: இப்படி அமைந்தால் மண்டபம்தான் சரி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

## மனிதர்கள் வருவார்கள், பூனைகள் வீட்டிலேயே

கேட்டவுடன் சப்பென்று இருக்கும். பூனை விருந்தில் பூனை இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள், பூனைக்காரர்கள் கூடினால் நடப்பது பேச்சு. கைப்பேசியில் படம் காட்டுவது, மாத்திரை கொடுக்கும் வித்தை, சோபாவைக் காப்பாற்றும் வழி, எந்த உணவைத் திடீரென்று ஒதுக்கிவிட்டது என்ற புலம்பல். இதில் எதற்கும் பூனை நேரில் வேண்டியதில்லை. பூனை வந்துவிட்டாலோ, ஒவ்வொருவரும் தம் கேரியர் மேல் ஒரு கண் வைத்திருப்பதால் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள் அதைத் திரையில் போட்டுவிட்டால், எந்தப் பூனை முதலில் அசைகிறது என்று பந்தயம் கட்டலாம். நான் பார்த்தவரை இதற்கு விழும் சிரிப்பு வேறெதற்கும் விழுவதில்லை. பொம்மை செய்யும் போட்டி வைக்கலாம். செய்ததைப் பரிமாறிக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொரு பூனை விளையாடிய பழையதை வேண்டாம். ஆகஸ்ட் 8 உலகப் பூனை நாளாக 2002 முதல் கொண்டாடப்படுகிறது. நாள் குறிக்க ஒரு சாக்கு வேண்டுமென்றால் அது இருக்கிறது.

இதற்கும் ஒளிந்த செலவு இல்லாமல் இல்லை. நீங்கள் கிளம்பி வந்தபின் வீட்டுப் பூனை சூட்டில் தனியாக இருக்கும். மூடிய அறையில் அடைக்காமல், காற்று வரும் இடமும் இரண்டு மூன்று கிண்ணம் தண்ணீரும் விட்டு வாருங்கள். விருந்து நடக்கும் வீட்டில் உள்ள பூனை வந்து பார்க்க நினைத்தால் வரட்டும், நினைக்காவிட்டால் கட்டிலடியிலிருந்து இழுத்து வந்து காட்சிக்கு வைக்க வேண்டாம். புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் உள்ள குழுவுக்கும், ஒருவர் பூனையை ஒருவர் அறியாத குழுவுக்கும், வெயில் கொளுத்தும் வாரத்துக்கும் இதுதான் நல்லது. சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான குழுக்களுக்கு.

## இன்னும் முடிவாகவில்லையா? பூனையைக் கேளுங்கள்

கடைசியாக மருத்துவரிடம் கொண்டுபோனபோது உங்கள் பூனை எப்படி இருந்தது? கேரியரில் சுருண்டு, கண்ணின் பாவை முழுக்கக் கறுப்பாக விரிந்து, காது பக்கவாட்டில் படிந்து, கொடுத்த ட்ரீட்டை (ஆசைத் தீனியை) தொடாமல் கிடந்ததா? அப்படியென்றால் நாலாவது வழி. கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி மேசையை முகர்ந்து, ட்ரீட்டையும் சாப்பிட்டதா? மற்ற மூன்றையும் யோசிக்கலாம். குட்டியாக இருந்தபோது, குறிப்பாகப் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, பல மனிதர்களைப் பார்த்து வளர்ந்த பூனைகள் பின்னாளில் இதற்கெல்லாம் எளிதாக வளையும். கருத்தடை செய்யாதவை, கர்ப்பமானவை, தும்மிக்கொண்டிருப்பவை, சிறுநீரகக் கோளாறுள்ள வயசாளிகள், தடுப்பூசி முடியாத குட்டிகள் எங்கேயும் வர வேண்டாம். மருந்து கொடுத்து அமைதிப்படுத்திக் கூட்டி வரலாமா என்று கேட்பவர்களுக்கு, மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள் என்பேன். மருந்து கொடுத்தால்தான் வரும் என்கிற பூனைக்கு அந்த விருந்து அவ்வளவு அவசியமா என்றும் கேட்பேன்.

எந்த வழியானாலும் பூனை உள்ள இடத்தில் லில்லிப் பூ வேண்டவே வேண்டாம். இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ரிப்பன், நூல், பலூன் கயிறு குடலில் சிக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, மது உள்ள தட்டுகளும் கோப்பைகளும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கொசுமருந்தும், நாய்க்கான உண்ணி மருந்தும் பூனையைக் கொன்றுவிடும்.

## திரும்பி வந்தபின்

வீட்டில் இரண்டு பூனை இருந்து ஒன்று மட்டும் விருந்துக்குப் போய் வந்தால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்துச் சீறலாம். நேற்றுவரை ஒட்டிப் படுத்தவைதான், ஆனால் வந்ததன் மேல் இப்போது வேறு வாசனை. நேரே கூடத்தில் திறந்துவிடாமல் சில மணி நேரம் தனியறையில் வைத்து, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டபின் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் லிட்டர் பெட்டியைக் கவனியுங்கள். மன அழுத்தம் பூனைக்குச் சிறுநீர்ப்பையில்தான் வந்து விடியும். அடிக்கடி பெட்டிக்குப் போவது, முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் அதன் அறிகுறி. ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்பூனை முக்கியும் சிறுநீரே வராவிட்டால் வழி அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று அதற்குக் காத்திருக்கக் கூடாது, எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.